மூடிய பேருந்தில் காற்றுவழித் தொற்றைத் தவிர்ப்பது எப்படி

2020 ஜனவரியில் சீனாவின் நிங்போ நகருக்கு அருகே வழிபாட்டுக்குச் சென்று திரும்பிய ஒரு பேருந்தில் 68 பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவருக்கு ஏற்கெனவே கொரோனா தொற்றியிருந்தது. போகவும் வரவுமாக 100 நிமிடப் பயணத்தில், உள்ளிருந்த காற்றையே ஏசி சுழற்றிக்கொண்டிருக்க, மேலும் 23 பேருக்குத் தொற்று பரவியது. அவர்களில் அவருக்குப் பல வரிசைகள் தள்ளி அமர்ந்தவர்களும் அடங்குவர். அதே இடத்துக்குச் சென்ற மற்றொரு பேருந்தின் 60 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

ஆகவே, இருமுபவரிடமிருந்து விலகி அமர்வது நல்லதென்றாலும், அது மட்டும் போதாது. காசநோய், தட்டம்மை போன்றவற்றின் கிருமிகளும் நுண்துகள்களாகக் காற்றில் மிதப்பவையே. தட்டம்மைக் கிருமி, நோயாளி இறங்கிப்போன பின்னும் 2 மணி நேரம் வரை காற்றில் தங்கக்கூடும்.

முதலில் சன்னலைத் திறவுங்கள். மழையோ குளிரோ இருந்தாலும் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக நான்கு விரற்கடை திறந்திருந்தால்கூடக் காற்று உள்ளே நுழைந்து வெளியேற வழி பிறக்கும். ஏசி பேருந்தாக இருந்தால், வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் வசதி உண்டா என்று ஓட்டுநரிடம் கேட்டு, இருந்தால் அதை இயக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தலைக்கு மேலுள்ள துளையிலிருந்து வரும் குளிர்காற்றைப் புதுக்காற்று என்று நம்பிவிடாதீர்கள். விமானங்களில் உள்ள நுண்வடிகட்டி பேருந்துகளில் பொதுவாகக் கிடையாது.

சன்னல் திறக்க வழியில்லாதபோது முகக்கவசமே துணை. துணிக்கவசத்தைவிட என்95 பல மடங்கு மேலானது, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அதன் வடிகட்டி தடுக்கும். ஆனால் மூக்கின் மேலுள்ள கம்பியை அழுத்திப் பொருத்தாவிட்டால், அல்லது தாடி இடையில் நின்றால், காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். பொருத்திய பின் பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள். கண்ணருகே காற்று பட்டால் மறுபடி சரிசெய்யுங்கள். பேருந்தில் ஏறும் முன்பே அணிந்து, இறங்கிய பிறகே கழற்றுங்கள்.

இருமல் உள்ளவர் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சிறந்தது. முடியாதபோது அவரே முதலில் கவசம் அணிய வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்திருந்தால், அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.