மருந்துக் காப்புரிமைக்கு எதிர்ப்பு மனு எழுதும் முறை

மருந்துக்குக் காப்புரிமை கேட்கும் விண்ணப்பத்தை, அது வழங்கப்படும் முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1)ஆம் பிரிவு. பெடாகுவிலின் என்னும் காசநோய் மருந்தின் ஃபுமரேட் உப்புக்கான விண்ணப்பம் 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டபோது, எதிர்த்தவர்களுள் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்களும் இருந்தனர்.

முதலில் விண்ணப்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் மருந்துக் கடையில் கேட்கும் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. பொதுப்பெயர், வேதிப்பெயர், நிறுவனத்தின் பெயர் என மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் வெளியானபின் 6 மாதங்களுக்குக் காப்புரிமை வழங்கப்படாது. அதற்குள் மனுவைச் சேர்த்துவிடுவது நல்லது.

பிறகு உரிமைக்கோரல்களை (எவற்றுக்கெல்லாம் உரிமை கேட்கப்படுகிறது என்ற பட்டியலை), குறிப்பாக முதலாவதை, சொல் சொல்லாகப் படியுங்கள். அங்கே 'இன்ன சேர்மத்தின் பீட்டா படிக வடிவம்' என்று இருந்தால் 3(டி) பிரிவு கைகொடுக்கும்: ஏற்கெனவே அறிந்த பொருளின் புதிய வடிவம், செயல்திறனைக் கூட்டாத வரை, கண்டுபிடிப்பு ஆகாது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்த, நோவார்ட்டிஸின் கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பம் இத்தகையதே. உடல் அந்தப் புதிய வடிவத்தை 30 விழுக்காடு கூடுதலாக ஏற்கிறது என்பதால் மட்டும் நோய் தீர்க்கும் திறன் கூடியதாகக் கொள்ள முடியாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பலர் சறுக்குவது விலையில்தான். மருந்து எட்டாத விலையில் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கோபம் நியாயமானதே, ஆனால் 25(1) பட்டியலிடும் காரணங்களில் விலை இல்லை. அதற்குரிய இடம் 84ஆம் பிரிவின் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலேயே மருந்தைத் தயாரிக்க இன்னொருவருக்குத் தரப்படும் அனுமதி. காப்புரிமை வழங்கி 3 ஆண்டுகள் கழிந்தபின் அதைக் கேட்கலாம். மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்தை 8,800 ரூபாய்க்குத் தர நாட்கோ நிறுவனம் 2012இல் பெற்றது அந்த உரிமத்தையே.

எதிர்ப்பு மனுவுக்கு வேண்டியது தேதியிட்ட சான்று. விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளுக்கு) முன் வெளியான காப்புரிமை ஆவணத்தையோ ஆய்விதழ்க் கட்டுரையையோ இணைத்து, அதன் எந்தப் பத்தி எந்தக் கோரலை முறியடிக்கிறது என்று எதிரெதிரே காட்டுங்கள். 7ஏ படிவத்தில் தாக்கல் செய்யும்போதே நேரடி விசாரணையையும் கேட்டுவிடுங்கள். 2024 விதித்திருத்தத்தின்படி கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்பதைக் காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளர் முதலிலேயே பார்ப்பதால் மேலோட்டமான மனு வாசலிலேயே நின்றுவிடும்.

காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டால், அது காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் எதிர்க்கலாம்; ஆனால் அந்த வழி அதில் அக்கறையுடையவர் என்று காட்டக்கூடியவருக்கு மட்டுமே திறந்திருக்கும்.