பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்கள்: ரசிக்க விடாமல் செய்யும் தவறுகள்

"லேசா, சிரிக்கிற மாதிரி, ஒரு பழைய இங்கிலீஷ் படம் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் நான் படத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. எதைச் செய்யக் கூடாது என்றும் சேர்த்தே சொல்லி அனுப்புவேன். ஆசையாகப் பார்க்க உட்கார்ந்து, இருபதாவது நிமிடத்தில் "ஏதோ கத்திக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் பிடிபடலை" என்று நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். நல்ல படங்கள் அப்படிக் கைவிடப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. நான் சொல்வது சுமார் 1930களின் நடுவில் தொடங்கி 1960களின் தொடக்கம் வரை வந்த படங்களை.

பெரும்பாலும் கோளாறு ஆரம்பிப்பது முதல் படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். எந்தப் பட்டியலை எடுத்தாலும் உச்சியில் 'பிரிங்கிங் அப் பேபி' இருக்கும். ஹோவர்ட் ஹாக்ஸ் 1938இல் எடுத்தது. டைனோசர் எலும்புக்கூட்டின் கடைசி எலும்புக்காகக் காத்திருக்கும் ஆராய்ச்சியாளராக கேரி கிராண்ட், அவர் வாழ்க்கைக்குள் ஒரு சிறுத்தையோடு நுழையும் பெண்ணாக கேத்தரின் ஹெப்பர்ன். எனக்கு உயிரான படம். ஆனால் அதில் மூச்சு விட இடம் கிடையாது. வந்த காலத்திலேயே பெரிய வெற்றி பெறவில்லை. அதே ஆண்டுதான் திரையரங்கு உரிமையாளர்களின் சங்கம் ஒன்று, வசூலுக்கு விஷம் என்று சில நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டது. அதில் ஹெப்பர்ன் பெயரும் இருந்தது. அன்றைய அமெரிக்க ரசிகர்களுக்கே பழகக் கொஞ்ச காலம் பிடித்த படத்தை, நீங்கள் எடுத்ததும் பார்க்க வேண்டியதில்லை. நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ பாருங்கள். அதற்குள் காது பழகியிருக்கும்.

முதலில் பார்க்க 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' போல இதமான படம் இன்னொன்று இல்லை. ஃப்ராங்க் காப்ரா இயக்கி 1934இல் வந்தது. அப்பாவிடமிருந்து தப்பி ஓடும் பணக்காரப் பெண்ணும் வேலை போன பத்திரிகைக்காரனும் ஒரே பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் ஒரே படமாக வாங்கியது அதுதான் முதல். இந்தக் கதை இந்திக்கும் வந்தது, 1956இல் ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த 'சோரி சோரி'யாக. விருதுகளை விடுங்கள். டோனட்டைக் காப்பியில் எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்று கிளார்க் கேபிள் கிளாடெட் கோல்பெர்ட்டுக்குப் பாடம் எடுப்பார். கோடீஸ்வரர் மகளுக்கு அது தெரியாது. டீயில் பன்னை நனைத்துத் தின்று வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கவே வேண்டாம்.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரிய தவறு. கையில் போனை வைத்துக்கொண்டு பார்ப்பது. "லேசான படம்தானே, வேலை செய்துகொண்டே பார்க்கலாம்" என்று நினைப்பது. இந்தப் படங்களில் காதல் இருப்பதே பேச்சில்தான். பேச்சை விட்டால் காதலையே விட்டுவிட்டீர்கள்.

இதற்கு 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1940, இதுவும் ஹாக்ஸ் படம்தான். ஒரு பத்திரிகை ஆசிரியரும் அவருடைய நட்சத்திர நிருபரும் மோதிக்கொள்ளும் நாடகம் ஒன்று உண்டு. நாடகத்தில் நிருபர் ஆண். ஹாக்ஸ் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கினார், அதுவும் ஆசிரியரின் விவாகரத்தான மனைவியாக. ஆசிரியர் கேரி கிராண்ட், நிருபர் ராசலிண்ட் ரஸ்ஸல். அவளோ வேலையை விட்டுவிட்டு, ஆல்பனியைச் சேர்ந்த ஒரு சாதுவான இன்சூரன்ஸ்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது வெறும் சத்தம்.

கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். இன்சூரன்ஸ்காரர் நல்ல மனிதர், பாவம். ஆனால் அவளுடைய வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியாது. அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் மூன்று தெரு தாண்டியிருப்பாள். கிராண்டோடு பேசும்போது மட்டும் அவள் முகம் மலரும், நாக்கு கூர்மையாகும், உட்கார்ந்திருக்கும் விதமே மாறும். அவள் யாரை விரும்புகிறாள் என்று படத்தில் ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. சரிக்குச் சரியாக வாயாடுவதற்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம்தான் அங்கே காதல். பாட்டு, மழை, கண்ணீர் எல்லாம் செய்யும் வேலையை இங்கே பேச்சு மட்டுமே செய்துவிடுகிறது.

அதனால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளக் கூச்சப்படவே வேண்டாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் 1940ஆம் ஆண்டின் அமெரிக்கப் பேச்சு வேகம் புதிதுதான். ஆனால் அதை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் முகங்கள் நழுவிவிடும். பிடித்த படத்தை இரண்டாம் முறை சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான்.

அப்புறம், பிரதி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சில பழைய படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டது, 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' அதில் ஒன்று. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம், இணையத்தில் ஏற்றலாம். அதனால் மங்கலும் கீறலும் இரைச்சலுமாக எத்தனையோ பிரதிகள் சுற்றுகின்றன. நான் முதலில் பார்த்தது அப்படி ஒரு பிரதி. பாதி வசனம் கரகரப்பில் போய்விட்டது, படம் சுமார் என்று ஒதுக்கி வைத்தேன். பல வருடம் கழித்துச் சீரமைத்த பிரதியைப் பார்த்தபோதுதான் எதை இழந்திருந்தேன் என்று புரிந்தது. பேச்சே உயிரான படத்தில் ஒலி கெட்டுப்போனால் மிச்சம் என்ன இருக்கும்? இலவசமாகக் கிடைக்கும் முதல் இணைப்பைத் தட்டுமுன் சீரமைத்த பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

டிவியையும் கவனிக்க வேண்டும். 1950களின் தொடக்கம் வரை வந்த படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை, உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய அகலமான திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்து விடாதீர்கள். கேரி கிராண்டின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். 1959இல் வந்த 'பில்லோ டாக்' இதற்கு நேர் எதிர். அது அகலத்திரைப் படம். ஒரே தொலைபேசி இணைப்பைப் பங்கிட வேண்டிய டோரிஸ் டேயும் ராக் ஹட்சனும் இரண்டு வீட்டுக் குளியல் தொட்டிகளில் இருந்தபடி பேசுவார்கள். திரை இரண்டாகப் பிரிந்து, நடுக்கோட்டில் இருவர் பாதமும் தொட்டுக்கொள்வது போலத் தெரியும். ஓரங்களை வெட்டிய பிரதியில் அந்தக் காட்சிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

பின்னாளில் வண்ணம் பூசிய பதிப்புகளும் வேண்டாம். கறுப்பு வெள்ளை எல்லாம் வழியில்லாமல் எடுத்தவை அல்ல. 1959இல் 'சம் லைக் இட் ஹாட்' எடுத்தபோது பில்லி வைல்டரால் வண்ணத்தில் எடுத்திருக்க முடியும். பெண் வேடமிட்ட டோனி கர்ட்டிஸ், ஜாக் லெம்மன் இருவரின் ஒப்பனையும் வண்ணச் சோதனையில் பச்சை பூத்துத் தெரிந்ததால் கறுப்பு வெள்ளையையே தேர்ந்தெடுத்தார்.

"முடிவுதான் தெரியுமே, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள்" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' படத்தைத்தான் சொல்வேன். எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940இல் இயக்கியது. புடாபெஸ்டில் ஒரு கடை. அங்கே வேலை செய்யும் ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. ஆனால் பெயர் தெரியாமல் கடிதம் எழுதிக்கொண்டு காதலிப்பதும் அதே இருவர்தான். இது நமக்கு முன்பே தெரியும். பாதிப் படத்தில் அவனுக்கும் தெரிந்துவிடும். காபிக் கடை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே காத்திருப்பவள் யார் என்று நண்பனை எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லுவான். அதற்குப் பிறகு அவளுக்கு மட்டும் தெரியாது. யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது என்பதை வைத்தே லூபிட்ச் மீதிப் படத்தை நகர்த்துவார். அவனாக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தில் தயக்கமும் குறும்பும் ஆசையும் மாறி மாறி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்த நண்பன் பிரோவிச்சாக வரும் ஃபெலிக்ஸ் பிரெஸ்ஸார்ட்டைத் தவறவிடாதீர்கள். "உன் உண்மையான அபிப்பிராயத்தைச் சொல்" என்று முதலாளி வாய் திறந்ததும் மாடிப்படியில் ஓடி மறைவார். நாயகன், நாயகியை மட்டும் பார்ப்பதும் ஒரு தவறுதான். இந்தப் படங்களின் உப்பும் காரமும் பாதி அளவுக்கு இப்படிப்பட்ட துணை நடிகர்களிடம்தான் இருக்கிறது.

அதே கடையின் முதலாளி ஒரு கட்டத்தில் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்ப்பார். லேசான படம் என்றால் கனமே இல்லாத படம் என்று எடுத்துக்கொள்வது தவறு என்று சொல்வதற்கு இதுவும் காரணம். 'மை மேன் காட்ஃப்ரே' 1936இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால் அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. படத்தின் தொடக்கத்திலேயே பணக்காரர்கள், பட்டியலில் உள்ளதைத் தேடிக் கொண்டுவரும் ஒரு விளையாட்டுப் போட்டிக்காகக் குப்பைமேட்டில் வாழும் 'மறக்கப்பட்ட மனிதன்' ஒருவனைத் தேடி வருவார்கள். சிரிப்போம், ஆனால் எதன்மேல் நின்று சிரிக்கிறோம் என்று படம் மறக்க விடாது. வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' 1960. கிறிஸ்துமஸ் கொண்டாட்டப் படம் என்று நினைத்து மனம் சோர்ந்திருக்கும் ஒருவருக்குப் பரிந்துரைத்துவிடாதீர்கள். அதில் ஒரு தற்கொலை முயற்சி வருகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டுங்கள், மிக நல்ல படம்.

முத்தத்தைத் தாண்டி எதையாவது தேடுபவர்களும் ஏமாறுவார்கள். 1934ஆம் ஆண்டின் நடுவிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்தன, 1968இல்தான் அவை போய்ச் சேர்ந்தன. காட்ட முடியாததைச் சொல்ல இயக்குநர்கள் கதவையும் கடிகாரத்தையும் தொப்பியையும் பிடித்துக்கொண்டார்கள். 1937இல் வந்த 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்தின் முடிவைப் பாருங்கள். நள்ளிரவோடு விவாகரத்து உறுதியாகப் போகும் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில். நடுவில் சரியாக மூடாத ஒரு கதவு. சுவரில் ஒரு குக்கூ கடிகாரம். மணி அடிக்கும்போது அதிலிருந்து ஒரு சின்ன ஆணும் பெண்ணும் வெளியே வந்து அவரவர் கதவுக்குள் திரும்பிப் போவார்கள். கடைசி முறை அந்த ஆண் மட்டும் தன் கதவுக்குப் போகாமல் அவள் பின்னாலேயே ஓடிவிடுவான். அவ்வளவுதான், படம் முடிந்தது.

பழைய படம் என்பதால் எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்பதில்லை. 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃப்பனிஸ்' படத்தில் மிக்கி ரூனி ஜப்பானியராக வேடம் போட்டுச் செய்வது எனக்கு அன்றும் கசந்தது, இன்றும் கசக்கிறது. அதற்காக ஒரு காலத்தையே மொத்தமாகத் தள்ளிவிட்டால், தொழில் தெரிந்த, வாய்த்துடுக்கான, யாருக்கும் குனியாத எத்தனையோ பெண்களைப் பார்க்காமலே போய்விடுவோம்.

ஒரே வாரத்தில் பத்துப் படம் பார்த்துத் தீர்ப்பதையும் நான் விரும்புவதில்லை. எல்லாம் கலந்து, கடைசியில் கேரி கிராண்டின் கோட்டு மட்டும்தான் நினைவில் நிற்கும். வாரத்துக்கு ஒன்று போதும். ஓர் இயக்குநரைப் பிடித்துக்கொண்டு போகலாம். லூபிட்ச் பிடித்திருந்தால் அடுத்து வைல்டர். தன் அலுவலகச் சுவரில் "லூபிட்ச் இதை எப்படிச் செய்திருப்பார்?" என்று எழுதி மாட்டி வைத்திருந்தவர் அவர்.

கடைசியாக ஒன்று. படம் முடிகிறது என்று தெரிந்ததும் செயலி அடுத்த படத்துக்குத் தாவப் பார்க்கும். அந்த வசதியை முதலில் அணைத்து வையுங்கள், முக்கியமாக 'ரோமன் ஹாலிடே'வுக்கு. வில்லியம் வைலர் 1953இல் ரோமிலேயே எடுத்தது. கடைசியில் நிருபர்கள் எல்லோரும் போன பிறகு கிரெகரி பெக் அந்தப் பெரிய மண்டபத்தில் தனியாக நிற்பார். பிறகு கைகளைப் பையில் விட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வருவார். காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அவர் திரையை விட்டுப் போகும்வரை ரிமோட்டைத் தொடாதீர்கள்.