குவாலியா: காலியான ஊரில் குடியிருப்போர் நடுவே

மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் வறண்ட காட்டில் இருக்கிறது குவாலியா. 1963 டிசம்பரில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும், சுமார் 1,200 பேர் வாழ்ந்த ஊரில் சில வாரங்களிலேயே சுமார் 40 பேர்தான் மிஞ்சினார்கள். இன்றும் சில வீடுகளில் ஆள் இருக்கிறார்கள். அதை மனத்தில் வைத்தே போகவேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து போவோருக்கு ஜூன் பள்ளி விடுமுறைதான் சரியான காலம். டிசம்பரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூனில் பகல் இதமாக இருக்கும், இரவுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம். விசாவுக்கு ஆஸ்திரேலியாவின் ஈடிஏ (ETA, மின்னணுப் பயண அனுமதி) செயலியில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். மசாலாப் பொடி உட்பட உணவு எதுவானாலும் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது நிரப்பும் பயணி அட்டையில் குறிப்பிடுங்கள், மறைத்தால் அபராதம்.

சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து கல்கூர்லி ஏறக்குறைய 600 கிலோமீட்டர், பிறகு வடக்கே லியனோரா 235. லியனோராவுக்கு 4 கிலோமீட்டர் முன்பே குவாலியா வந்துவிடும். ஒரே நாளில் ஓட்டி முடிக்கப் பார்க்காதீர்கள். கல்கூர்லியில் ஓர் இரவு தங்குங்கள். பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். இருட்டில் ஊருக்கு வெளியே விபத்து நடந்தால் சில வாடகைக் கார் காப்புறுதிகள் செல்லாது, ஒப்பந்தத்தை வாங்கும்போதே படியுங்கள். பல பெட்டிகள் கோத்த லாரிகள் 50 மீட்டருக்கும் மேல் நீளும். எதிரே வெகுதூரம் சாலை காலியாகத் தெரியாமல் முந்தவே கூடாது. கல்கூர்லியில் டேங்கை நிரப்பி, ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர் ஏற்றி, வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். ஊர்களுக்கு இடையே சிக்னல் கிடைக்காது.

குவாலியாவின் அழகே சுரங்கத் தொழிலாளர் குடிசைகள்தான். வெளியே நெளிதகரம், உள்ளே சாக்குத்துணிச் சுவர். சாய்ந்தாலோ தோள்பை உரசினாலோ அந்தத் துணி கிழியும். பையைக் காரிலேயே விடுங்கள். துருப்பிடித்த ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும், மூடிய காலணி அவசியம். பழைய போத்தல் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள்.

பார்வையாளருக்குத் திறந்துவிட்ட குடிசைக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இராது. கொடியில் துணி, வாசலில் கார், நாய்க்குத் தண்ணீர்ச் சட்டி: இதில் ஒன்று தெரிந்தாலும் வேலிக்கு வெளியே நில்லுங்கள், படமும் எடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் குன்றின்மேல் உள்ள அருங்காட்சியகத்தில் கேளுங்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் இங்கே சுரங்க மேலாளராக இருந்தார். அவர் பெயரிலுள்ள வீட்டில் தங்கலாம். அறைகள் மிகச் சில, முன்பதிவு செய்யுங்கள். பெட்ரோலும் மளிகையும் லியனோராவில்.