துருசு திறந்தால்தான் தசை இழுக்கும்: கல்சியம் படிப்படியாக

கிணற்றில் வாளிக் கயிற்றை இழுக்கும்போது கைத்தசை சுருங்குகிறது. இதை விளக்கச் சொன்னால், உயர்தர மாணவர் பலர் "கல்சியம் தசையை இழுக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். இழுப்பது மயோசின் என்ற தசைப்புரதம். அதற்குச் சக்தி கொடுப்பது ஏ.ரீ.பி. என்ற மூலக்கூறு. கல்சியம் பூட்டைக் கழற்றிவிடும், அவ்வளவுதான்.

இரணைமடுக் குளத்தையும், தண்ணீரைத் திறந்துவிடும் அதன் துருசையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தசைநாருக்குள், அதாவது தசைக் கலத்துக்குள், இருக்கும் குளம், தசைமுதலுருச் சிறுவலை. ஓய்வில் கல்சியம் அதற்குள் தேங்கி நிற்கும். சிறுவலைக்கு வெளியே, நாரை நிரப்பியிருக்கும் தசைமுதலுருவில் லீற்றருக்கு 0.1 மைக்ரோமோல் அளவுதான் இருக்கும்.

படி 1: நரம்பு முனை அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைச் சுரக்கிறது. தசைநார் மென்சவ்வின் மின்னழுத்தம் ஏறத்தாழ –90 மில்லிவோல்ற்றிலிருந்து +30 வரை ஏறி, சில மில்லிசெக்கனில் இறங்கிவிடும்.

படி 2: அந்த மின்னழுத்த அலை, மென்சவ்வு உள்நோக்கி மடிந்த குறுக்குக் குழாய்கள் வழியே நாரின் உள்ளே போகிறது.

படி 3: இங்கே அவசரப்படாதீர்கள். சிறுவலையின் துருசு, ரயனோடீன் வாங்கி என்ற புரதம். குறுக்குக் குழாயின் சுவரில் மின்னழுத்தத்தை உணரும் புரதமொன்று அதற்கு எதிரே நிற்கிறது. அலை வந்ததும் இப்புரதம் உருமாறி, துருசை நேரடியாகவே இழுத்துத் திறக்கிறது. இதயத்தசையில் கதை வேறு: வெளியிலிருந்து கொஞ்சம் கல்சியம் உள்ளே வந்தால்தான் துருசு திறக்கும். அதனால்தான் கல்சியம் இல்லாத கரைசலில் இட்ட வன்கூட்டுத்தசை (எலும்பை அசைக்கும் கைத்தசை போன்றது) சிறிது நேரம் துடிக்கும், இதயம் நின்றுவிடும். பரீட்சையில் இரண்டையும் குழப்பிப் புள்ளி இழப்பவர்கள் அதிகம்.

படி 4: கல்சியம் பத்து மடங்குக்கும் மேல் கூடி, துரோப்போனின் என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது. மயோசின் பிடிக்கவேண்டிய அக்ரின் இழையை மறைத்துக் கிடந்த துரோப்போமயோசின் என்ற புரதம் விலகுகிறது. மயோசின் தலைகள் பிடித்து இழுக்கின்றன.

படி 5: குள உவமை இனிச் சரிவராது. வாய்க்காலில் போன தண்ணீர் குளத்துக்குத் திரும்புவதில்லை. இங்கேயோ மெசின் வைத்து இறைப்பதுபோல, சிறுவலைச் சுவரிலுள்ள பம்பி ஓர் ஏ.ரீ.பி.க்கு 2 கல்சியம் அயன் வீதம் திருப்பி ஏற்றுகிறது. தசை தளர்வதற்கும் சக்தி செலவாகும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பம்பி இறைத்து முடிக்குமுன் நரம்பிலிருந்து அடுத்தடுத்துக் கணத்தாக்கங்கள் (மின் சைகைகள்) வந்தால் இழுவை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடும். பாரமான வாளி மேலே வருவது இப்படித்தான். இறந்த உடலில் ஏ.ரீ.பி. தீர்ந்துபோகும், கல்சியம் கசிந்து நிற்கும், மயோசின் தலைகளும் அக்ரினை விடா. பிண விறைப்பு அதுதான்.

துருசே பழுதாவதும் உண்டு. ரயனோடீன் வாங்கியின் பரம்பரையலகில் மாற்றமுள்ள சிலருக்கு, சில மயக்க வாயுக்கள் பட்டால் அது மூடாமல் நிற்கும். தசை விறைத்து, உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும். உடனே அந்த வாயுவை நிறுத்தி, கல்சியம் வெளியேறுவதைக் குறைக்கும் டன்ட்ரோலீன் கொடுப்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன்பே மயக்கமருந்து வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.