செயின் சாவில் ஆயில் வரவில்லையா? ஈர்க்குச்சியை எடுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட தென்னைகளை அறுக்கத்தான் இந்த மெஷினை வாங்கினேன். மூன்றே வாரத்தில் பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடு) சூடேறி நீலம் பூத்துவிட்டது. அதற்கப்புறம், அறுத்த அன்றைக்கே துடைக்காமல் மெஷினை உள்ளே வைப்பதில்லை.

முதலில் இன்ஜின் ஆறட்டும். ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள். கையுறை கட்டாயம், சும்மா நிற்கிற செயினும் விரலைக் கிழிக்கும். பக்கவாட்டு மூடியின் நட்டுகளைக் கழற்றி, பாரையும் செயினையும் எடுத்துவிடுங்கள்.

உள்ளே ஆயிலும் மரத்தூளும் குழைந்து களிம்பு மாதிரி அப்பியிருக்கும். தென்னை என்றால் நார் வேறு சுற்றியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பெயின்ட் பிரஷ் போதும். காற்றடித்துச் சுத்தம் செய்வது எனக்குப் பிடிக்காது, தூள் இன்னும் உள்ளேதான் போகும். பாரின் விளிம்பில் செயின் ஓடும் பள்ளத்தைச் சுரண்ட உடைந்த ஆக்சா பிளேடு துண்டு அருமையான கருவி. அதற்கென்று தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்காதீர்கள்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். பார் நீலம் பூத்த அன்றைக்குப் பெட்ரோல் தீர்ந்த பிறகும் செயினுக்கான ஆயில் டேங்க் நிறைந்தே இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் குறைய வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. செயின் புகைந்தது. கடையில் காட்டினால், “பம்ப் போயிடுச்சு, மாத்தணும்” என்றார்கள். மனசு வராமல் வீட்டுக்கு வந்து பாரைக் கழற்றிப் பார்த்தேன். அடிப்பாகத்தில், போல்ட் நுழையும் நீள வெட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் துளை. பம்ப் தள்ளும் ஆயில் அது வழியாகத்தான் பள்ளத்துக்குப் போகிறது. ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினேன். மிளகு அளவுக்கு இறுகிய தூள் உருண்டை வெளியே விழுந்தது. அவ்வளவுதான் கோளாறு!

எதிர்ப்பக்கமும் அதே போல ஒரு துளை உண்டு, அதையும் குத்திவிடுங்கள். பாரை ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். மாட்டும்போது பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். செயின் தொங்கக் கூடாது, கையால் இழுத்தால் ஓட வேண்டும்.

அப்புறம் சோதனை. மெஷினை ஓட்டி, மூக்கை ஒரு சிமென்ட் சாக்குத் தாளுக்கு மேல், தொடாமல் பிடித்து ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். சில நொடிகளில் தாளில் ஆயில் கோடு விழ வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள், அதிலுள்ள இரும்புத் துகள் பம்பைத் தின்றுவிடும்.

ஏர் ஃபில்டரைத் தட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அறுக்கும்போது சீவலாக வராமல் மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். என் செயினுக்கு 4.8 மி.மீ. வட்ட அரம், உங்களுடையதற்கு எது என்று செயின் பெட்டியிலேயே இருக்கும். 30 டிகிரி சாய்வில், எல்லாப் பல்லையும் ஒரே எண்ணிக்கையில் ராவுங்கள்.

பிற்சேர்க்கை: மூடியைத் திரும்ப மாட்டவே முடியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சில மெஷின்களில் செயின் பிரேக் அந்த மூடிக்குள்ளேயே இருக்கிறது. பிரேக் பிடித்த நிலையில் கழற்றினால் உள்பட்டை இறுகிவிடும், அப்புறம் கிளட்ச் மேல் உட்காராது. கழற்றும் முன்பே முன் கைக்காப்பைப் பின்னால் இழுத்து பிரேக்கை விடுவித்துவிடுங்கள். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும்.