சேலம் மேயர் நாற்காலிக்கு வழி

நியூயார்க்கில் மக்களே நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போடுவார்கள். சேலத்தில் 2022-ல் நடந்தது மறைமுகத் தேர்தல், அதாவது மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே முதலில் கவுன்சிலர் ஆகுங்கள்; வார்டுகள் 60. வயது 21 நிரம்பி, மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்று பார்த்துவிட்டு வேட்புமனு வாங்குங்கள்.

சறுக்குவது மனுவில் உங்களை முன்மொழிந்து கையெழுத்துப் போடுபவரிடம்தான். அவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். அம்மாபேட்டையில் நின்றுகொண்டு அஸ்தம்பட்டி மச்சானைக் கையெழுத்துப் போடச் சொன்னால் மனு தள்ளுபடி. அவருடைய பாகம் எண், வரிசை எண்ணைப் பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள். 2022-ல் டெபாசிட் 4,000 ரூபாய்.

ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். இருமுனைப் போட்டியில் 31 ஓட்டு உறுதியில்லாவிட்டால் நிற்பது வீம்புதான். மேயரான பிறகும் நிர்வாகக் கையெழுத்து மாநகராட்சி ஆணையருடையதே.