கோபம் ஆறுவதற்குள்: காவலர்கள் தாக்கினால் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

காவல் நிலையத்தில் ஒருவர் அடிபட்டார் என்ற செய்தி பரவிய முதல் நாளில் ஊரே திரண்டு நிற்கும். இரண்டாம் நாள் கட்சிக்காரர்கள் வருவார்கள். மூன்றாம் நாள், சம்பந்தப்பட்டவர் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார் என்ற அறிவிப்பு வரும். நான்காம் நாள் அந்த வீட்டில் அடிபட்டவரும் அவருடைய தாயாரும் மட்டுமே இருப்பார்கள். இம்மாவட்டத்து நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வக்கீல் குமாஸ்தாவாகக் கட்டுகளைச் சுமந்து திரிந்ததில் நான் கண்டது இதுதான்: அந்த முதல் மூன்று நாட்களில் நேரம் குறித்த காகிதங்கள் எத்தனை கைக்கு வந்தன என்பதைப் பொறுத்தே வழக்கு நிற்கிறது அல்லது விழுகிறது. அந்தக் காகிதங்களை எப்படிச் சேர்ப்பது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

அழைத்துச் சென்ற இரவு

"சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் அழைத்துச் செல்வார்கள். வருபவர்கள் மஃப்டியில் இருக்கலாம். தனிப்படை என்று சொல்லிக்கொள்ளலாம். எந்த நிலையம், எந்த வழக்கு, அழைத்துச் செல்பவரின் பெயர் என்ன என்ற மூன்று கேள்விகளையும் வாசலிலேயே, குரலை உயர்த்தாமல், நான்கு பேர் கேட்கும்படி கேளுங்கள். கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்றும், கைதுக் குறிப்பாணை ஒன்றை எழுதி அதில் குடும்பத்தாரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் விதித்தது. இன்று அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவரையும், பதினைந்து வயதுக்கு உட்பட்டவரையும், பெண்களையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வசிக்கும் இடத்திற்கே வந்து விசாரிக்க வேண்டும் என்பது 179-ஆம் பிரிவு. இந்த எண்களை அதிகாரியின் முகத்துக்கு நேரே ஒப்பிக்க வேண்டிய தேவை இல்லை. பிறகு எழுதும் மனுவில் வந்தால் போதும்.

நிலையத்திற்குப் போனால், பாராவில் நிற்பவர் "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று சொல்லக்கூடும். அங்கே நின்று வாதாடி விடியவைப்பதைவிட, உடனே 100 அல்லது 112 என்ற எண்ணை அழைத்து, இன்னாரை இத்தனை மணிக்கு இன்ன இடத்திலிருந்து அழைத்துச் சென்றார்கள், நிலையத்தில் மறுக்கிறார்கள் என்று சொல்வது பயனுள்ளது. அந்த அழைப்பு கட்டுப்பாட்டு அறையில் நேரத்துடன் பதிவாகிறது. நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில், இத்தகைய இரவுகளில் தந்தி அலுவலகத்துக்குத்தான் ஓடுவோம். முதலமைச்சருக்கும் ஆட்சியருக்கும் கண்காணிப்பாளருக்கும் தந்தி அடித்துவிட்டால், மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கைது செய்ததாக ஏட்டில் எழுதினாலும், முந்தைய இரவு பதினொன்றரை மணித் தந்தி ரசீது எங்கள் பையில் இருக்கும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. அதன் வேலையை இப்போது மின்னஞ்சல் செய்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், திருநெல்வேலி சரகக் காவல் துறைத் துணைத் தலைவருக்கும் அன்றிரவே நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, காலையில் அதையே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அழகான மொழி வேண்டாம். பெயர், இடம், நேரம், அழைத்துச் சென்றவர்களின் வண்டி எண் ஆகியவை இருந்தால் போதும்.

கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அந்த நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்வதற்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்ற காரணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 15100 என்ற எண்ணிலோ, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.

மருத்துவமனைச் சீட்டு

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஊரும் நிலையமும் வேண்டாம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் இளைஞர் ஒருவரை அதிகாலையில் அழைத்துச் சென்று, மறுநாள் மாலை நடக்க முடியாத நிலையில் விட்டுவிட்டார்கள். வீட்டார் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, கூடவே வந்த காவலர் ஒருவர் முந்திக்கொண்டு, "வழுக்கி விழுந்துட்டான் சார்" என்றார். பணியில் இருந்த மருத்துவர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதினார். அடிபட்டவர் வாய் திறக்கவில்லை. அவருடைய அக்காவும் பயந்து நின்றார். அந்த ஒற்றை வரியை மாற்றுவதற்கு எங்கள் சீனியர் வக்கீல் ஆறு ஆண்டுகள் வாதாடினார். மாற்ற முடியவில்லை.

ஆகவே, ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் அழைக்கும் விபத்துப் பதிவேட்டு நகலே உங்கள் முதல் ஆவணம். யார் தாக்கினார்கள், எங்கே, எப்போது, எதனால் தாக்கினார்கள் என்று மருத்துவர் கேட்கும்போது, "இன்ன நிலையத்தில், காவலர்கள் இத்தனை பேர், லத்தியால்" என்று அடிபட்டவரே தம் வாயால் சொல்ல வேண்டும். கூட வந்த காவலரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லுமாறு மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள்; பலர் சம்மதிப்பார்கள். உள்ளங்காலில் விழுந்த அடி வெளியே அதிகம் தெரியாது. கன்னத்தில் அறைந்ததில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். தொடையின் பின்புறத்தையும் புட்டத்தையும் காட்டப் பலருக்கு வெட்கமாக இருக்கும். இவை அனைத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். கன்றிய காயம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் நன்கு நிறம் கொள்ளும் என்பதால், அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும், காயத்தின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, முகமும் தெரியும்படி ஒரு படமும் கிட்டத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் பூஞ்சை பிடித்துவிடும்; செய்தித்தாளில் பொதிந்து, காகிதப் பையில் வைத்து, தேதி எழுதுங்கள்.

கைதாகிக் காவலில் இருப்பவராக இருந்தால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவின்படி மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பெற அவருக்கு உரிமை உண்டு. ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்தும்போது "போலீஸ் துன்புறுத்தினார்களா?" என்ற கேள்வி வரும். வரும் வழியில் "ஒன்றும் சொல்லாதே, பெயிலில் விட்டுவிடுவோம்" என்று சொல்லியே அழைத்து வந்திருப்பார்கள். அங்கே "இல்லை" என்று சொல்லிவிட்டால், பிறகு சொல்வதெல்லாம் யோசித்துச் சேர்த்த கதை என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருடன் என்றோ ரவுடி என்றோ சொல்லப்படும் ஒருவர் மாவுக்கட்டுடன் நிற்கும் படத்தைப் பகிர்ந்து சிரித்தவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்ற அதே வரிதான் நாளை உங்கள் தம்பியின் ஏ.ஆர். காப்பியிலும் ஏறும். காவலரின் உயிரை இம்மாவட்டம் மதிக்காமல் இல்லை. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது இங்கே அழாதவர் குறைவு. அதே ஆண்டு ஜூனில், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோதும் அதே மக்கள்தாம் கொதித்தார்கள்.

கேமராவும் கைபேசியும்

சாத்தான்குளத்தில் விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அதே 2020 டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே, இன்ன தேதி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரையிலான பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகு பதிவு காணாமல் போனால், அதற்கான விளக்கத்தை அவர்கள்தாம் சொல்ல வேண்டியிருக்கும். நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடை, மருந்துக்கடை, நகைக்கடை ஆகியவற்றின் கேமராக்களையும் மறக்காதீர்கள். அவற்றில் பல பத்துப் பதினைந்து நாட்களில் அழிந்துவிடும்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோவில் காவலாளி அஜித்குமார் இறந்த வழக்கு நாடெங்கும் தெரிய வந்ததற்கு, யாரோ மறைந்திருந்து எடுத்த சிறு காணொளியும் ஒரு காரணம். அப்படி ஏதாவது உங்களிடம் இருந்தால், வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதற்கு முன் மூலக் கோப்பை அந்தக் கைபேசியிலேயே விட்டுவைத்து, ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் பயணித்த கோப்பு சுருங்கிவிடும்; எடுத்த நேரத்தைப் பற்றிய விவரங்களும் அதில் தங்காது. நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்று இணைக்கப்பட வேண்டும் என்பதால் அந்தக் கைபேசியை விற்றுவிடவும் கூடாது.

புகார் எங்கே கொடுப்பது

அடித்த நிலையத்திலேயே புகார் கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கொடுங்கள், வாங்க மறுத்தால் அந்த மறுப்பே அடுத்த படிக்கு வழி. பிடியாணை இல்லாமலே காவல் துறை கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்க மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசைவில்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் வழக்குப் பதிவாகிவிட்டதாக நினைக்காதீர்கள். மனு ஏற்கப்பட்டது என்பதைத் தவிர அந்த ரசீதுக்கு வேறு பொருள் இல்லை. வாக்குமூலம் வாங்குவதற்காக அடித்தது என்றால் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவைப் புகாரில் குறிப்பிடுங்கள். சாதாரணக் காயத்துக்கு ஏழு ஆண்டு, கொடுங்காயத்துக்குப் பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தபாலிலேயே புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரே புகாரை தேசிய ஆணையத்துக்கும் அனுப்பினால் இரட்டிப்பு பலன் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. ஓர் ஆணையத்தில் நிலுவையில் உள்ளதை மற்றொன்று விசாரிக்காது. ஆணையத்துக்குப் பல் இல்லை என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்த பிறகு, இழப்பீட்டைப் பொறுத்தவரையேனும் அதை அலட்சியம் செய்வது சரியல்ல.

காவல் துறைப் புகார் ஆணையம் என்ற ஒன்றும் இருக்கிறது. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் அமைக்கச் சொன்னது அது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய சட்டத்திலோ மாநில அளவில் உள்துறைச் செயலரும், மாவட்ட அளவில் ஆட்சியரும் தலைவர்கள். மாவட்டக் கண்காணிப்பாளரே அதில் உறுப்பினர். களியக்காவிளையைத் தாண்டினால், கேரளத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற நீதிபதிகள் அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். எல்லையோர ஊர்களில் கேரளக் காவலர்கள் வந்து அழைத்துச் சென்று தாக்கியிருந்தால், புகாரை அங்குள்ள ஆணையத்துக்கு அனுப்புங்கள். 1956 வரை இந்த மாவட்டமும் அந்தப் பக்கம், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு இணையக் கோரிப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, ஆட்சியில் இருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியா, தம் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்றார். முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை விலகவில்லை. அப்படிக் கேட்ட ஒரு கட்சிப் பொதுச் செயலாளரை அதற்குப் பிறகு நான் கேள்விப்பட்டதில்லை.

பேசி முடிக்க வருபவர்கள்

நம் மாவட்டம் சிறியது. புகார் போன இரண்டாம் நாளே, தெரிந்தவர் ஒருவர், ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர், சில வேளை சமுதாயத் தலைவர் ஒருவர் வீட்டுக்கு வருவார்கள். "அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு, பேசி முடிச்சிரலாம்" என்பார்கள். வருபவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். எனினும் அவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும் வக்கீல் பார்க்கும் முன் கையெழுத்திடாதீர்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம். அந்த உரையாடல் நடந்த தேதியையும் வந்தவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதே காலத்தில் பழைய வழக்கு ஒன்றில் உங்கள் வீட்டுப் பெயர் சேர்க்கப்படவும் வாய்ப்பு உண்டு. அன்றே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

சாலை மறியல் செய்யும் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரை மணி நேர மறியல் முடிந்ததும் ஐம்பது பேர் மீது வழக்குப் பதிவாகும். அடுத்த நான்கு ஆண்டுகள் சாட்சி சொல்ல வேண்டியவர்களே குற்றவாளிக் கூண்டில் வாய்தாவுக்கு நிற்பார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு இருநூறு பேர் வரிசையில் நின்று இருநூறு தனி மனுக்கள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் வாங்கினால் அது கோப்பில் ஏறும்.

உயிர் போய்விட்டால்

இது எழுதக் கடினமான பகுதி. காவலில் மரணம் என்றால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். இயன்றவரை உறவினர்களுக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் உடனிருக்க அனுமதிக்க வேண்டும். உடற்கூறாய்வுக்கு முன் குடும்பத்தார் உடலைப் பார்க்கவும், ஆய்வு முழுவதும் வீடியோவில் பதிவாகவும் வேண்டும் என்று மதுரைக் கிளை 2020-இல் வழிகாட்டியிருக்கிறது. பார்க்கும்போது முகத்தை மட்டும் பார்த்து அழுதுவிட்டு வராதீர்கள். உடலைத் திருப்பச் சொல்லி முதுகையும் உள்ளங்காலையும் பாருங்கள்.

உடலை வாங்க மறுத்துப் போராடும்போது எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஆயுதப்படை மாற்றத்தையும் அரசு வேலை வாக்குறுதியையும் கேட்டுக் கலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டவர் சம்பளம் குறையாமல் சில மாதங்களில் வேறு நிலையத்தில் பொறுப்பேற்பார். சந்தேக மரணம் என்ற பிரிவைக் கொலை வழக்காக மாற்றுதல், விசாரணையை அந்த மாவட்டக் காவல் துறையிடமிருந்து எடுத்தல், உடற்கூறாய்வு அறிக்கையின் நகலும் வீடியோவும், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது உடற்கூறாய்வு கேட்கும் எண்ணம் இருந்தால் தகனம் செய்யாமல் அடக்கம் செய்யுங்கள். கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டில் இடமும் நேரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.